பதினோராவது கேள்வி

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் அந்தப் பெண்.
பரங்கிப்பேட்டை. ரிஸ்வானா. நர்சிங் மூன்றாம் வருடம்.
"தோணினதைச் சொல்லுங்க ஐயா,
தப்பு, சரின்னு எதுவும் இல்ல" என்றாள்.
தாளின் ஓரத்தில் ஆனால்
மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருந்தது.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
ஜன்னலுக்கு வெளியே பாதாம் மரம்.
அதன் பெயர் அன்று எனக்கு வரவில்லை.
இன்று வந்திருக்கிறது, போவதற்குள் எழுதிவைக்கிறேன்.

உங்களுக்கு வந்திருப்பது என்ன?
அஞ்சலாட்சி முந்திக்கொண்டாள்: "நரம்பு இழுத்துக்கிச்சும்மா."
பக்கத்துக் கட்டில் லூர்துநாதன், கேட்காமலே: "வாயு."
அவர் மகன்: "பிரஷர் மாத்திரை சூடு. அதான் நிறுத்திட்டோம்."
எதிரே சொத்திக்குப்பத்துக்காரர் கண்ணைத் திறக்காமல்:
"காத்து. கருவாட்டுக் கூடையோட
சுடுகாட்டு வழியா வந்தேன்."

பாதிக்கப்பட்ட உறுப்பு எது?
எனக்குத் தெரியும்.
விளக்குப் பெட்டியில் படத்தைச் செருகிக் காட்டினார்களே,
கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கறுப்பு.
வலப்பக்கம் இருந்தது, "இது உங்க இடப்பக்கம்,
படத்துல மாறித் தெரியும்" என்றார் டாக்டர்.
மூளை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
வந்தது, "கை."
இல்லையில்லை என்று தலையை ஆட்டினேன்.
மறுபடி, இன்னும் உரக்க,
"கை."
பொறுமையாகக் குறித்துக்கொண்டாள்: தெரியாது.

இருபத்தாறு வருஷம் முதுநகரில்,
துறைமுகத்து ஐஸ் கம்பெனியில்
கம்ப்ரசர் பார்த்தவன் நான்.
அமோனியா குழாயில் எங்கே அடைத்திருக்கிறதென்று
பனி பூத்த இடத்தைத் தொட்டே சொல்வேன்.
முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால்
தூக்கத்திலும் எழுந்து ஓடுவேன்.
என் பிரஷரை ஒரே ஒரு முறை பார்த்தார்கள்,
லயன்ஸ் கிளப் முகாமில்.
சீட்டைச் சட்டைப்பையில் வைத்தேன்.
சட்டை துவைக்கப் போனது.
சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மணிக்கு வந்தது?
விடிகாலை நாலரை. ஐஸ் பாரை இழுக்கும்போது
கை கொக்கியை விட்டது. நான் விடவில்லை.
ஆஸ்பத்திரிக்கு எப்போது?
மதியம் ஒன்றரை.
நடுவில் ஒரு புறா.
மச்சான் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் வரை போய்
வாங்கி வந்தார். சூடு ஆறுவதற்குள்
தோளிலிருந்து விரல் வரை தேய்த்தார்கள்.
இறுகிக் காய்ந்து முடியைப் பிடித்து இழுத்தது.
அந்தப் புறாவுக்கும்
எதற்காகச் சாகிறோமென்று தெரிந்திருக்காது.

நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் போட
ஒரு ஊசி இருப்பது தெரியுமா?
எட்டாவது கேள்வி.
அப்படி ஒன்று இருப்பதே
அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது.
அஞ்சலாட்சி விரலை விட்டு எண்ணத் தொடங்கினாள்.
ஐந்து, ஆறு, ஏழு...
ஒன்பதில் நிறுத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சோறு வலக் கடைவாயில் தங்கிவிடுகிறது,
அவள் விரல் விட்டு எடுக்கும்போது
நான் சுவரைப் பார்க்கிறேன்.
தரையின் ஈரம் இடது காலுக்கு உடனே தெரிகிறது,
வலது காலுக்கு யாரோ போய்ச் சொல்லவேண்டியிருக்கிறது.
தாளில் இதற்கெல்லாம் கேள்வி இல்லை.

பதினோராவது: இது மறுபடியும் வரக்கூடுமா?

வாயு என்றவரும் காத்து என்றவரும்
என் வாயையே பார்த்தார்கள்.
அஞ்சலாட்சி இந்த முறை முந்திக்கொள்ளவில்லை.
"வரும்" என்ற சொல்லைத் தேடிப் போனேன்.
இருட்டில் கைக்கு அகப்பட்டது வேறு.
"ஐஸ்" என்றேன்.

தெரியும், தெரியாது, ஓரளவு தெரியும்,
மூன்று கட்டங்களுக்கும் மேலே பேனா நின்றது.
பிறகு ஓரத்தில், சின்ன எழுத்தில்,
ஐஸ் என்றே எழுதிவைத்தாள்.

"ரேகை வெச்சிடலாமா?" மைப்பெட்டியை எடுத்தாள்.
கையை நீட்டிப் பேனாவைக் கேட்டேன், இடது கையை.
பூ வருவதற்குள் லூர்துநாதனின் டீ ஆறிவிட்டது.
வ, பிறகு ரா.
ராவின் கால் தாளைத் தாண்டி
அவள் கட்டைவிரல் மேல் ஏறியது.
அவள் விரலை எடுக்கவில்லை.
இன்னும் இரண்டு எழுத்து பாக்கி.